லா ஸ்ட்ராடாவில் வாய் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி, ஜனவரி 8

இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் லா ஸ்ட்ராடா பட வட்டு கிடைத்தது. இத்தாலிய ஒலியை வைத்துத்தான் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் போகிறது, பேச்சு ஒரு பக்கம் போகிறது. ஆந்தனி க்வின் வாயைத் திறக்கும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கிறது. வட்டு பழுதா, அல்லது எனக்கு டப்பிங் பதிப்பைத் தள்ளிவிட்டார்களா? ஒரிஜினல் ஒலி எங்கே கிடைக்கும்? டப்பிங் என்றாலே எனக்கு ஆகாது.

பதில், ஜனவரி 9

வட்டு நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. க்வின் அமெரிக்க நடிகர், செட்டில் ஆங்கிலம் பேசினார். இத்தாலியப் பதிப்பில் அவருக்குக் குரல் கொடுத்தவர் ஆர்னோல்டோ ஃபோவா. கயிற்றில் நடக்கும் கோமாளியாக வரும் ரிச்சர்ட் பேஸ்ஹார்ட்டும் அமெரிக்கர், அவருக்கு ஸ்டெஃபானோ சிபால்டி. கதாநாயகி ஜூலியெட்டா மசினா மட்டும் சொந்தக் குரல்.

ஆங்கில ஒலிக்கு மாற்றிப் பாருங்கள். க்வினும் பேஸ்ஹார்ட்டும் தங்கள் சொந்தக் குரலில் பேசுவார்கள், வாயும் ஓரளவு ஒட்டும். ஆனால் மசினாவுக்கு வேறு யாரோ பேசுவார்கள். அந்தப் படத்தில் மசினாவை இழந்தால் மிச்சம் என்ன இருக்கிறது? என்னைக் கேட்டால் இத்தாலியனிலேயே பாருங்கள், க்வினின் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பாருங்கள்.

அதே நாள், இரவு

விட்டுப்போனது. "ஒரிஜினல் ஒலி" என்று நீங்கள் தேடுகிற பொருளே இல்லை. ஃபெலினி படம் பிடிக்கும்போது கேமராவுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருப்பார்: திரும்பு, சிரி, இப்போது அவளைப் பார். மௌனப்பட இயக்குநர்கள் செய்த மாதிரிதான். சில நடிகர்களிடம் வசனமே கொடுக்காமல், ஒன்று இரண்டு மூன்று என்று எண்களைச் சொல்லச் சொல்வார். என்ன பேசினார்கள் என்பதைப் பிறகு ஒலிக்கூடத்தில் முடிவு செய்வார், வேண்டுமானால் மாற்றியும் எழுதுவார். செட்டில் பிடித்த ஒலியை அப்படியே உங்களுக்குத் தந்தால் ஒரு பெரிய மனிதர் கத்துவதும் இன்னொருவர் எண்ணுவதும்தான் கேட்கும்.

ஜனவரி 11

ஏன் இப்படி ஒரு பழக்கம் வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று ஃபாசிச சர்வாதிகாரி முசோலினி, மற்றது காசு. இரண்டும் உண்மை.

1930இல், பேசும் படம் வந்த கையோடு, இத்தாலியத் திரைகளில் அந்நிய மொழிப் பேச்சு கேட்கக் கூடாது என்று ஃபாசிச அரசு தடை போட்டது. முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? வெளிநாட்டுப் படத்தில் பேச்சை வெட்டிவிட்டு எழுத்து அட்டைகளைச் செருகினார்கள். இசையும் கதவுச் சத்தமும் கேட்கும், ஆள் வாயைத் திறந்ததும் எழுத்து வரும். 1931 கணக்கெடுப்பில் நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. அவர்கள் என்ன செய்வார்கள்? ஆகவே டப்பிங். ஹாலிவுட்காரர்கள் அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியரை வைத்துக் குரல் பதிந்து அனுப்பிப் பார்த்தார்கள், அந்த உச்சரிப்பைக் கேட்டு இங்கே சிரித்தார்கள். 1933இல் டப்பிங் வேலை இத்தாலியிலேயே, இத்தாலியரைக் கொண்டே நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ரோமில் ஒரு தொழிலே முளைத்தது.

அந்தத் தொழில் தயாராக இருந்ததால் சொந்தப் படங்களுக்கும் அதுவே வசதியாகப் போய்விட்டது. 1945இல் இயக்குநர் ரோசெலினி ரோம் திறந்த நகரம் எடுத்தபோது ஃபிலிம் வாங்கவே திண்டாட்டம். ஒலியில்லாமல் படம் பிடித்து, குரலைப் பின்னால் சேர்த்தார்கள். தெருவில் இருந்து அள்ளி வந்த நிஜம் என்று நாம் புகழ்கிற படத்தில் தெருவின் ஒலி ஒரு துளியும் இல்லை.

ஜனவரி 12

இதையெல்லாம் எழுதுகிற நான் சிசிலித் தீவின் பலெர்மோவில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவன். இங்கே எங்கள் ஆட்கள் நிறைய. வந்த புதிதில் நான் இத்தாலியன் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, தொலைக்காட்சியில். நான் பராமரித்த வீட்டில் ஒரு வயதான அம்மா, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பியூட்டிஃபுல் பார்ப்பார். அமெரிக்கத் தொடர், 1990 முதல் இங்கே ஓடுகிறது. அதில் ரிட்ஜ் என்ற நாயகனுக்குக் குரல் கிளாவுடியோ கப்போனே. எவ்வளவு சுத்தமான இத்தாலியன்! ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விளங்கும். நான் அவனைப் பார்த்துத்தான் வினைச்சொற்களைப் பிடித்தேன்.

பிறகு பல்லரோ சந்தைக்குப் போய் அந்த இத்தாலியனில் மீன் விலை கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கதைத்தது சிசிலியன், எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. நான் கதைத்தது ரிட்ஜ், அது மீன் வாங்க உதவாது.

(ஒரு உபரி: இதே கப்போனே விலங்குகள் பற்றிய விவரணப் படங்களுக்கும் பேசினார். அந்த அம்மாவுக்குச் சிங்கம் மானைத் துரத்தும்போதும் ரிட்ஜ்தான் கதை சொன்னான்.)

ஜனவரி 14

"எல்லாமே டப்பிங்தான் என்றால் ஹாலிவுட் படத்தையும் இத்தாலியனில் பார்த்தால் போச்சு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. ஃபெலினி தன் படத்துக்குத் தானே கூட இருந்து குரல் தேர்ந்தெடுப்பது ஒன்று. வேறொருவர் முடித்துக் கொடுத்த படத்தின் வாயை மாற்றுவது இன்னொன்று. முதலாவது படத்தொகுப்பு மாதிரி, படம் செய்வதின் ஒரு பகுதி. இரண்டாவது சில நேரம் அருமையாக இருக்கும், சில நேரம் களவாணித்தனம்.

களவாணித்தனத்துக்கு ஹாலிவுட் படம் காசாபிளாங்கா உதாரணம். அதன் நாயகன் ரிக் முன்பு எத்தியோப்பியாவுக்குத் துப்பாக்கி கடத்தியவன், அதாவது முசோலினியின் படைக்கு எதிராக உதவியவன். போருக்குப் பிறகு இத்தாலியில் வெளியான பதிப்பில் அவன் சீனர்களுக்கு உதவியவன் ஆகிவிட்டான். படத்தில் வரும் இத்தாலிய அதிகாரியின் காட்சிகளையும் கத்தரித்தார்கள். முசோலினி செத்த பிறகும் வேலை நடந்திருக்கிறது பாருங்கள்.

ஜனவரி 14, பின்னேரம்

அருமையாக அமைந்ததற்கும் ஒன்று சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. லாரல் ஹார்டி. அவர்களே ஆரம்பத்தில் இத்தாலியனை ஒலி ஒலியாக மனப்பாடம் செய்து ஒப்பித்து நடித்தார்கள், அழுத்தமெல்லாம் கண்ட இடத்தில் விழும். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆகவே பின்னால் இத்தாலியர்கள் குரல் கொடுத்தபோதும் அந்தத் தப்பு உச்சரிப்பை விடவில்லை, வேண்டுமென்றே காப்பாற்றினார்கள். ஹார்டிக்குப் பேசியவர் அப்போது பெயரில்லாத ஒரு இளைஞர், ஆல்பர்ட்டோ சோர்டி. அவர்தான் பிற்பாடு நாட்டின் பெரிய நகைச்சுவை நடிகர் ஆனார். 1950இல் வந்த ஆகஸ்ட் ஞாயிறு படத்தில் மார்ச்செல்லோ மாஸ்ட்ரோயானிக்கும் சோர்டிதான் குரல். மாஸ்ட்ரோயானியின் வாயில் இருந்து ஹார்டி!

ஜனவரி 17

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. 1964 செப்டம்பர், வெனிஸ் விழாவில் இயக்குநர் பசோலினியின் மத்தேயு நற்செய்தி படம். இயேசுவாக நடித்தவர் ஸ்பெயின் நாட்டு மாணவர் என்ரிக்கே இராசோக்கி, நடிகரே இல்லை. குரல் என்ரிக்கோ மரியா சலேர்னோ. அதே மாதம் இத்தாலியில் வெளியான இன்னொரு படம் செர்ஜியோ லியோனேயின் கைப்பிடி டாலருக்காக. அதில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கு இத்தாலியக் குரல்? அதே சலேர்னோ.

மலைப்பிரசங்கம் செய்கிற குரலே சவப்பெட்டிக்காரனிடம் பெட்டிகளைத் தயார் செய்யச் சொல்கிறது. அன்றைக்கு இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த ஒரு சாதாரண ரசிகருக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்கு இன்னும் ஆசையாக இருக்கிறது தெரிந்துகொள்ள.

பசோலினியைப் பற்றி இன்னொன்று. அவருடைய அக்கத்தோனே படத்தில் நடித்த ஃபிராங்கோ சித்தி ரோம் புறநகர்ச் சேரியில் இருந்து நேரே வந்தவர், அந்தப் பேச்சு அவர் ரத்தத்தில் இருந்தது. அவருக்கே பாவ்லோ ஃபெராரி என்ற தொழில்முறை நடிகரை வைத்துக் குரல் பதிந்தார் பசோலினி. முகம் ஒருவரிடமும் குரல் இன்னொருவரிடமும் எடுத்தால் பாத்திரம் இன்னும் புதிராகும் என்று அவர் நம்பினார். எனக்கு இது முழுக்கச் செரிக்கவில்லை. இயேசுவுக்குச் சரி. சித்திக்கு?

ஜனவரி 18

கௌபாய் பட நடிகர்கள் பட் ஸ்பென்சர், டெரன்ஸ் ஹில் அமெரிக்கர்கள் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். இரண்டு பேரும் இத்தாலியர் அண்ணா! ஹில் வெனிஸில் பிறந்த மாரியோ ஜிரோத்தி. ஸ்பென்சர் நேப்பிள்ஸ்காரர் கார்லோ பெதர்சோலி, 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் இத்தாலியர். பெயரை மாற்றிக்கொண்டார்கள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடித்தார்கள், அவர்கள் சொந்த நாட்டில் அவர்களுக்கு வேறு ஆள் இத்தாலியன் பேசினார். ஸ்பென்சருக்கு கிளாவுகோ ஓனோராத்தோ, ஹில்லுக்குப் பினோ லோக்கி. ஸ்பென்சரின் நேப்பிள்ஸ் வாடை மேற்கு அமெரிக்கப் பாலைவனத்துக்குப் பொருந்தாது என்ற கவலை.

பினோ லோக்கி யார் என்றால், ஷான் கானரியின் ஜேம்ஸ் பாண்டுக்குப் பேசியவர். 1976இல் சந்தோகான் தொடரில் நம் கபீர் பேடிக்குப் பேசியவரும் அவரே. கபீர் பேடி இத்தாலியில் தெருவில் நடக்க முடியாத அளவு புகழ் அடைந்தார். என் வயது இத்தாலியரிடம் நான் இந்தியத் துணைக்கண்டத்துப் பக்கத்து ஆள் என்று சொன்னால் சந்தோகான் பாட்டைப் பாடிக் காட்டுவார்கள். இலங்கை வேறு இந்தியா வேறு என்று விளக்கப் போவதில்லை, நானும் கூடப் பாடிவிடுவேன்.

ஜனவரி 20

இப்போது நடிகை கிளாடியா கார்டினாலே. இந்த இழையில் எனக்கு உண்மையாகக் கோபம் வருகிற இடம்.

துனிஸில் பிறந்த சிசிலி வம்சாவளிப் பெண். வீட்டில் சிசிலியன், பள்ளியில் பிரெஞ்சு. இத்தாலியன் சரளமாக வராது, குரல் வேறு கரகரப்பு. ஆகவே படம் படமாக மற்றவர்கள் பேசினார்கள். 1963இல் வெளியான இரண்டு படம், ஒரே காலத்தில் எடுத்தவை: இயக்குநர் விஸ்கோந்திக்கு சிறுத்தை, ஃபெலினிக்கு எட்டரை. ஒருவர் கருங்கூந்தல் கேட்டார், மற்றவர் வெளிர் நிறம் கேட்டார், அங்கும் இங்குமாகச் சாயம் மாற்றிக்கொண்டு ஓடினார். ஃபெலினிதான் முதன்முதலாக "உன் குரலே போதும்" என்று விட்டார். விஸ்கோந்தி படத்தில் அவருக்கு சொல்வேய் தசுந்தா பேசினார்.

இப்போது எட்டரையைப் பாருங்கள். அந்தக் கரகரப்பு எவ்வளவு அழகு! அத்தனை வருடம் அதைப் பழுது என்று மூடி வைத்திருக்கிறார்கள். கதாநாயகிக்கு வேறு ஒருவர் பேசுவது நமக்குப் புதிதல்ல, தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. பழகிப்போனதால் வலிக்காமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் சிறுத்தை? அந்த நடனக் காட்சி எடுத்த கான்ஜி மாளிகை என் வீட்டில் இருந்து நடக்கிற தூரம், அதன் முன்னால் எத்தனையோ முறை போயிருக்கிறேன். சிசிலி இளவரசராக நடித்த பர்ட் லங்காஸ்டர் ஆங்கிலம் பேசினார், ஆலன் டெலோன் பிரெஞ்சுக்காரர், கார்டினாலேயோ லங்காஸ்டரிடம் ஆங்கிலத்தில், டெலோனிடம் பிரெஞ்சில். சிசிலி வரலாற்றின் மகத்தான படத்தில், செட்டில் சிசிலியன் பேசியவர்களைத் தேட வேண்டும். லங்காஸ்டருக்குக் குரல் கொராடோ கைப்பா, அவர் பலெர்மோக்காரர். அந்தக் குரல் வந்ததும் சர்க்கஸ்காரராக வாழ்வைத் தொடங்கிய நியூயார்க் நடிகர் முழுச் சிசிலிப் பிரபு ஆகிவிடுகிறார். நான் டப்பிங்கைத் திட்ட உட்கார்ந்தால் கைப்பா வந்து வாயை அடைக்கிறார்.

ஜனவரி 23

மேலே 9ஆம் தேதி "ஒரிஜினல் ஒலி என்ற பொருளே இல்லை" என்று எழுதினேன். அது ஃபெலினிக்குப் பொருந்தும். இத்தாலி முழுமைக்கும் சட்டமாக நீட்டினால் 1948இல் வந்த நிலம் நடுங்குகிறது என்ற படம் மறைந்துவிடும், அதை மறைக்கக் கூடாது.

சிறுத்தை எடுத்த அதே விஸ்கோந்தி. கத்தானியாவுக்குப் பக்கத்தில் அச்சி திரெட்ஸா மீனவர் கிராமம். நடித்தவர்கள் அந்த ஊர் மீனவர்கள், பேசியது அவர்கள் பேச்சு, பதிந்தது அந்த இடத்திலேயே. படத்தின் தொடக்கத்தில் எழுத்தில் வரும்: சிசிலியில் இத்தாலியன் ஏழைகளின் மொழி அல்ல. ரோமில் யாருக்கும் வசனம் விளங்காது என்பதால் இத்தாலியனில் விவரிப்புக் குரல் சேர்த்தார்கள். படம் ஓடவில்லை. பிறகு வழக்கம் போல இத்தாலியனில் டப்பிங் செய்த பதிப்பும் வந்தது.

இதை நான் பலெர்மோவில் ஒரு சிறு திரையரங்கில் பார்த்தேன். பக்கத்தில் இருந்த இத்தாலியர்களுக்கே பாதி விளங்கவில்லை, தீவின் மறுகோடிப் பேச்சு, அதுவும் பழையது. எனக்கு பல்லரோ மீன்கடைக்காரர் ஞாபகம் வந்தார். அவர் மாதிரி ஆட்கள் திரையில் பேசத் தொடங்கியபோதெல்லாம் யாராவது ஒருவர் ரோமில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று திருத்திவிட்டார்கள். டப்பிங் அந்நிய மொழியைத் தடுத்ததை மட்டும் நாம் கதைக்கிறோம். வீட்டு மொழிகளைத் துடைத்ததுதான் பெரிய நஷ்டம்.

கொமோரா படம் 2008இல் நேப்பிள்ஸ் பேச்சோடு வந்தபோது இத்தாலியத் திரையரங்குகளில் இத்தாலியத் துணையுரை (சப்டைட்டில்) போட்டார்கள். துணையுரையே பிடிக்காத நாடு தன் சொந்த மக்களைப் புரிந்துகொள்ள அதை வாசித்தது. நல்லது. 60 வருடம் தாமதம்.

ஜனவரி 24

"அப்படியானால் சிம்ப்சன்ஸ் பாருங்கள், அதில் வட்டாரப் பேச்சு வாழ்கிறது" என்று என் மகள் சொல்கிறாள். உண்மைதான். அந்தப் பள்ளித் தோட்டக்காரர் வில்லி ஆங்கிலத்தில் ஸ்காட்லாந்துக்காரர், இத்தாலியனில் சார்தீனியாக்காரர். கார்ட்டூனுக்குக் கிடைத்த சலுகை மீனவனுக்குக் கிடைக்கவில்லை.

ஜனவரி 27

லியோனே ரசிகர் ஒருவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார், நான் டப்பிங்கைக் கீழே போட்டு மிதிக்கிறேனாம். இல்லையே. லியோனேயின் படங்கள் இந்த முறை இல்லாமல் பிறந்திருக்கவே முடியாது. கைப்பிடி டாலருக்காக படத்தில் ஈஸ்ட்வுட் ஆங்கிலம், ஜான் மரியா வொலோன்தே இத்தாலியன், மரியான் கோக் ஜெர்மன்காரி. ஸ்பெயினின் அல்மேரியா வெயிலில் நின்று ஆளுக்கு ஒரு பாஷை பேசினார்கள். செட்டில் ஒலி தேவையில்லை என்றால் நடிகரை எந்த நாட்டில் இருந்தும் எடுக்கலாம், இரைச்சல் போடுகிற கேமராவை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகலாம்.

இன்னொரு பலன். ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட் படத்துக்கு எனியோ மோரிகோனே படப்பிடிப்புக்கு முன்பே இசை எழுதிவிட்டார். லியோனே அதை செட்டில் ஒலிக்கவிட்டார், நடிகர்கள் அந்த இசைக்கு நடந்தார்கள். கார்டினாலே ரயில் நிலையத்தில் இருந்து வெளியே வர, கேமரா கூரைக்கு மேலே எழுகிற அந்த இடம் ஏன் அப்படிப் பொருந்துகிறது என்று இப்போது விளங்கும். நேரடி ஒலி பதிகிற செட்டில் பாட்டுப் போட முடியுமா?

அந்தப் படத்தின் தொடக்கத்தையும் கேளுங்கள். காற்றாடி கிறீச்சிடும், தொப்பியில் தண்ணீர் சொட்டும், ஈ ஒன்று தாடியில் ஊரும். ஏறத்தாழ பத்து நிமிடம் இசையே இல்லை. கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமாகச் செய்து அடுக்கியது. ஒலியைக் கூடத்தில் செய்து பழகிய காதுக்குத்தான் இப்படிச் செய்யத் தோன்றும்.

(ஆம், கார்டினாலேக்கு அதிலும் இத்தாலியனில் வேறு குரல்: ரீட்டா சவஞ்ஞோனே. நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.)

பிப்ரவரி 2

வேலை அதிகம், இழை பக்கம் வர முடியவில்லை. வேலை முறையைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு மட்டும்: படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி வளையமாக ஒட்டுவார்கள், அது திரும்பத் திரும்ப ஓடும், நடிகர் இருட்டில் வசனத் தாங்கிக்கு முன் நின்று பார்த்துப் பார்த்துப் பேசுவார். இன்றைக்கு ஃபிலிம் வளையம் இல்லை, கணினி. மற்றது எல்லாம் அதுவே.

ஃபெருச்சோ அமெந்தோலா பெயரை இதுவரை யாரும் எடுக்கவில்லை, ஆச்சரியம். சிறுவனாக ரோம் திறந்த நகரத்தில் அந்தக் குட்டிப் பையனுக்குப் பேசினார். வளர்ந்து டி நீரோ, பசீனோ, டஸ்டின் ஹாஃப்மன், ஸ்டாலோன் நான்கு பேருக்கும் அவரே குரல். 1995இல் ஹீட் படத்தில் டி நீரோவும் பசீனோவும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அமெந்தோலா தன்னோடு தானே காப்பி குடிக்க முடியாதே! டி நீரோவை வைத்துக்கொண்டார், பசீனோவை ஜியான்கார்லோ ஜியான்னினி எடுத்துக்கொண்டார். அமெந்தோலா 2001இல் காலமானார். என் மகள் முதல் தடவை டி நீரோவின் சொந்தக் குரலைக் கேட்டபோது முகத்தைச் சுளித்து, இந்த ஆளுக்கு யார் இவ்வளவு மோசமாக டப்பிங் செய்தது என்றாள்.

2023இல் இந்தக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2008இல் போட்ட கூலி ஒப்பந்தம் அப்படியே கிடந்தது, செயற்கை நுண்ணறிவு தங்கள் குரலை எடுத்துவிடும் என்ற பயமும் சேர்ந்தது. இங்கே பேருந்தில் சனம் அதைப் பற்றி நடிகர்களைப் பற்றிக் கதைப்பது போலவே கதைத்தது, எல்லாருக்கும் பெயர் தெரியும்.

பிப்ரவரி 10

எந்தப் படத்துக்கு எந்த ஒலி என்று கடைசியாகக் கேட்ட மூன்று பேருக்கும் சேர்த்து.

சிறுத்தை: இத்தாலியன். லங்காஸ்டரின் சொந்தக் குரல் வேண்டும் என்று ஆங்கிலப் பதிப்புக்குப் போனால் படம் 161 நிமிடமாகக் குறைந்துவிடும், இத்தாலியப் பதிப்பு ஏறத்தாழ 185 நிமிடம். நிலம் நடுங்குகிறது: டப்பிங் பதிப்பைக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். ஃபெலினியின் காசனோவா: டொனால்ட் சதர்லேண்டுக்கு ஜீஜி புரோயெத்தி பேசிய இத்தாலியன் பிரமாதம், இருந்தாலும் அந்தப் படம் எனக்குப் பிடிக்காது.

லியோனே: ஆங்கிலம் எடுத்தால் ஈஸ்ட்வுட்டின் குரலும் வாயும் சேரும், இத்தாலியனில் சலேர்னோவின் கம்பீரம் கிடைக்கும். த குட், த பேட் அண்ட் த அக்லியை மட்டும் ஆங்கிலத்தில் எடுங்கள், வட்டைப் பார்த்து வாங்குங்கள். 2003இல் நீட்டித்த பதிப்பில், முன்பு ஆங்கிலத்துக்கு வராத காட்சிகளைச் சேர்த்தார்கள். அவற்றுக்கு ஈஸ்ட்வுட்டும் ஈலை வாலக்கும் 35 ஆண்டுக்கு மேல் கழித்து வந்து குரல் கொடுத்தார்கள். லீ வான் கிளீஃப் உயிரோடு இல்லை, அவருக்கு வேறு ஆள். இளைஞன் குதிரையில் இருந்து இறங்குவான், கிழவனின் குரல் வரும். பழைய நீளத்தில் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.